பந்தயத்துக்கும் குடும்பத்துக்கும் ஒரே பாய்மரப் படகு

பந்தயத்துக்குப் போகிற படகு குடும்பத்துக்குச் சரிவராது, குடும்பம் ஏறுகிற படகு பந்தயத்தில் கடைசியாகத்தான் வரும் என்று மலேசியாவின் போர்ட் கிள்ளானில் பாய்மரப் படகு வைத்திருக்கும் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நாங்கள் மூன்று குடும்பங்கள் சேர்ந்து வைத்திருக்கும் படகு நவம்பரில் ராஜா மூடா சிலாங்கூர் பந்தயத்தில் ஓடுகிறது. அதே படகு தைப்பூச நேரத்தில் என் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பினாங்குக்குப் போகிறது. இந்த இரண்டு வேலைக்கும் நடுவே படகில் எதை மாற்ற வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பது எங்களுக்கு இப்போது நன்றாகப் பிடிபட்டிருக்கிறது. இப்படி ஒரு படகு வாங்க யோசிப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுடையது பெனெட்டோ ஃபர்ஸ்ட் 40.7. பெனெட்டோ 1884-இல் பிரான்சின் மேற்குக் கரையில் மீனவர்களுக்குப் படகு கட்டிக் கொடுக்கத் தொடங்கிய பட்டறை. இந்த மாடலை வரைந்தவர் நியூசிலாந்தில் பிறந்த புரூஸ் ஃபார். பந்தயப் படகு வடிவமைப்பில் பெரிய பெயர். 1990களின் கடைசியில் வந்த மாடல் என்பதால் இன்று பழைய படகுச் சந்தையில்தான் கிடைக்கும். நீளம் ஏறக்குறைய 12 மீட்டர், அகலம் 3.75 மீட்டர், எடை 7 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. அடியில் தொங்கும் உலோகக் கீல் இரண்டு அளவில் வந்தது: ஆழமானது என்றால் படகுக்கு 2.4 மீட்டர் தண்ணீர் வேண்டும், குட்டையானது என்றால் 1.9 மீட்டர் போதும். உள்ளே மூன்று படுக்கை அறை, ஆட்டத்துக்கு ஏற்ப அசைந்து நிமிர்ந்தே நிற்கும் அடுப்பு, உட்கார்ந்து சாப்பிட ஒரு மேசை. வீட்டு வசதி இல்லை, ஆனால் ஒரு வாரம் வாழலாம்.

முதலில் வேகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குடும்பத்தோடு போகிறவர்கள் அதைத்தான் தேவையில்லாதது என்று ஒதுக்குகிறார்கள். மலாக்கா நீரிணையில் காற்று பெரும்பாலும் மெலிது. பகலில் கடலிலிருந்து கரைக்கு வீசும், இரவில் கரையிலிருந்து கடலுக்கு வீசும், நடுவில் மணிக்கணக்கில் அசைவே இருக்காது. ஆறு ஏழு நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காற்றில் கனமான உல்லாசப் படகு நகராது; எஞ்சினைப் போட்டே ஆக வேண்டும். எஞ்சின் போட்டால் உள்ளே வெக்கை, டீசல் வாடை, இடைவிடாத இரைச்சல். குழந்தைகளுக்குக் குமட்டல் வருவது அலையால் மட்டுமில்லை, இந்த வாடையாலும்தான். எங்கள் படகு அதே காற்றில், பக்கவாட்டில் காற்று வாங்கினால், ஐந்து நாட் வேகத்தில் சத்தமில்லாமல் போகும். பிள்ளைகள் மேலே படுத்துத் தூங்குவார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. போர்ட் கிள்ளானிலிருந்து பங்கோர் தீவு சுமார் 85 கடல் மைல். ஐந்து நாட்டில் போனால் 17 மணி நேரம், ஆறரை நாட்டில் போனால் 13 மணி நேரம். அந்த நான்கு மணி நேரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. விடியும் முன் கிளம்பினால், வேகமான படகில் வெளிச்சம் போகும் நேரத்துக்குள் நங்கூரம் போட்டுவிடலாம். மெதுவான படகில் இருட்டில், விளக்கில்லாத மீன் வலைகளுக்கு நடுவே, களைத்துப்போன குடும்பத்தோடு துறை தேட வேண்டும். பந்தயத்துக்காகக் கொடுத்த வேகத்தை நான் குடும்பப் பாதுகாப்புக் கணக்கில்தான் எழுதி வைக்கிறேன்.

ஆனால் இந்த வகைப் படகுக்கு ஒரு குணம் உண்டு, அதைப் புரிந்துகொள்ளாமல் வாங்கியவர்கள் ஒரே வருடத்தில் விற்றுவிடுகிறார்கள். இதன் பாய்ப் பரப்பை, மேலே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். பந்தயத்தில் ஒன்பது பேர் காற்று வரும் பக்க விளிம்பில், கால்களைக் கடலுக்கு மேல் தொங்கவிட்டு வரிசையாக உட்காருகிறோம். ஆளுக்கு 70 கிலோ என்று வைத்தாலும் 630 கிலோ. நடுக்கோட்டிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் தள்ளி அந்த எடை இருப்பதால்தான் படகு நிமிர்ந்து நிற்கிறது. குடும்பத்தோடு போகும்போது அந்த ஒன்பது பேர் இல்லை. அம்மாவை விளிம்பில் உட்காரவைக்க முடியாது. ஆகவே, பந்தயத்தில் 20 நாட் காற்று வரை முழுப் பாயோடு போகிற அதே படகு, குடும்பத்தோடு 14, 15 நாட்டிலேயே பாயைச் சுருக்கச் சொல்கிறது.

நிறையப் பேர் இதை வெட்கமாக நினைக்கிறார்கள். ‘இந்தக் காற்றுக்கா ரீஃப்?’ என்று பக்கத்துப் படகில் கேட்பார்கள்; பாயை மடித்துச் சுருக்குவதைத்தான் ரீஃப் என்கிறோம். கேட்கட்டும். படகு 20, 25 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் அது தானாகக் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கச் சுக்கானை இழுத்துப் பிடித்தால் சுக்கானே பிரேக் போட்ட மாதிரி தண்ணீரைத் தள்ளும். வேகம் குறையும், பக்கவாட்டில் நழுவும், உள்ளே பாத்திரம் உருளும். அந்த நேரத்தில் பாய்மரத்துக்குப் பின்னால் இருக்கும் மெயின் பாயில் ஒரு மடிப்பு எடுத்தால், படகு நிமிர்ந்து, சுக்கான் லேசாகி, வேகமும் கூடும். பந்தயத்தில் கற்ற பாடம் இது: நிமிர்ந்த படகுதான் வேகமான படகு. குடும்பத்துக்கும் அதுவேதான் வேண்டும்.

அம்மாவுக்குச் சாய்வில் பயமில்லை. ‘சாய்ஞ்சா சாயட்டும்டா, இந்தக் குத்துதான் தாங்கல’ என்றார் ஒருமுறை. சரியான கவனிப்பு. இந்தப் படகுகளின் அடி முன்பக்கம் கொஞ்சம் தட்டையானது. காற்றை நோக்கி நெருக்கிப் போகும்போது குட்டை அலையில் அணியம், அதாவது படகின் முன்பகுதி, தூக்கித் தண்ணீரில் அடிக்கும். பந்தயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு போவோம். குடும்பத்தோடு என்றால் ஐந்து பத்து டிகிரி காற்றைவிட்டு விலகி ஓட்டினால் போதும். குத்து பாதியாகும், வேகமும் கூடும். தூரம் கொஞ்சம் நீளும், பரவாயில்லை.

இந்தக் கரையில் பாய் சுருக்குவதைப் பற்றிப் பேசினால் சுமத்ராக் காற்றைப் பேசாமல் இருக்க முடியாது. தென்மேற்குப் பருவத்திலும் பருவங்கள் மாறும் மாதங்களிலும், பெரும்பாலும் விடியலுக்கு முந்தைய நேரத்தில், சுமத்ரா தீவுப் பக்கமிருந்து மின்னலோடு ஒரு மேக வரிசை கிளம்பி வரும். மேற்கே அடிவானத்தில் மின்னல் தொடர்ந்து தெரிந்தால் அதுதான் முன்னறிவிப்பு. அப்புறம் காற்று சட்டென்று நிற்கும், ஒரு குளிர்ச்சி வரும், அடுத்த சில நிமிடங்களில் 30, 40 நாட் அடிக்கும். ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். மின்னலைப் பார்த்ததும் பாயைச் சுருக்குவது எங்கள் படகில் சட்டம், பந்தயமானாலும் சரி, குடும்பமானாலும் சரி. குடும்பத்தோடு என்றால் மெயின் பாயை முழுவதும் இறக்கி, முன் பாயைக் கைக்குட்டை அளவுக்குச் சுருட்டி, எஞ்சினைத் தயாராக வைத்துக் காத்திருப்போம். கையடக்க ஜிபிஎஸ்ஸும் ரேடியோவும் அடுப்பின் ஓவனுக்குள் போய்விடும். மின்னல் தாக்கினால் அந்த உலோகப் பெட்டிக்குள் இருப்பதாவது தப்பும் என்ற நம்பிக்கையில் மாலுமிகள் பலர் இப்படிச் செய்கிறார்கள்.

அடுத்தது எடை. இதில்தான் பந்தயமும் குடும்பமும் உண்மையாகவே முட்டிக்கொள்கின்றன. 200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோ. 10 மில்லிமீட்டர் நங்கூரச் சங்கிலி மீட்டருக்கு 2 கிலோவுக்கும் மேல். 50 மீட்டர் போட்டால் 100 கிலோவைத் தாண்டி, அதுவும் அணியத்தின் நுனியில் போய் உட்காரும். நுனியில் இருக்கும் எடைதான் அலையில் படகை மேலும் கீழும் ஆட்டுவது. நாங்கள் 8 மில்லிமீட்டர் உறுதிச் சங்கிலிக்கு மாறினோம். மீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோதான். 30 மீட்டர் சங்கிலி, அதற்குப் பின்னால் நீளமான நைலான் கயிறு. இங்கே அடி பெரும்பாலும் சேறு. நல்ல நங்கூரம் என்றால் நன்றாகவே பிடிக்கிறது. பந்தயம் வரும்போது சங்கிலி மொத்தமும் கரைக்குப் போகும், விதிப்படி வைத்திருக்க வேண்டிய நங்கூரம் மட்டும் பாய்மரத்தடியில், தரைப்பலகைக்கு அடியில் கட்டி வைக்கப்படும்.

கழற்றுவதற்கும் ஒரு எல்லை உண்டு. நம் பக்கத்துப் பந்தயங்கள் பலவும் ஐஆர்சி என்ற மதிப்பீட்டு முறையில் நடக்கின்றன. இங்கிலாந்தின் ராயல் ஓஷன் ரேசிங் கிளப்பும் பிரான்சின் கடலோடிகள் அமைப்பும் சேர்ந்து நடத்தும் முறை அது. ஒவ்வொரு படகுக்கும் ஒரு எண் தருவார்கள். ஓடிய நேரத்தை அந்த எண்ணால் பெருக்கினால் திருத்திய நேரம் கிடைக்கும். உதாரணத்துக்கு எண் 1.050 என்றால், பத்து மணி நேரம் ஓடிய படகுக்குப் பத்தரை மணி நேரம் என்று கணக்கு. சூத்திரத்தை வெளியிடுவதில்லை. படகை எடை போட்டபோது உள்ளே இருந்த மெத்தை, மேசை போன்றவை பந்தயத்தின்போதும் இருந்தாக வேண்டும். இது குடும்பத்துக்கு நல்லது. உள்ளறையைக் காலி செய்துவிட்டு ஓடும் ஆசையை விதியே தடுத்துவிடுகிறது. ஆக, கழற்றுவது நம்முடைய சாமான்களைத்தான்: டப்பா உணவு, பிள்ளைகளின் பலகை விளையாட்டு, உதிரித் துணி, துடுப்புப் பலகை, வெளி எஞ்சின். நவம்பருக்கு முன் ஒரு நாள் எல்லாவற்றையும் இறக்கித் தரையில் பரப்பிவிடுவோம். கடந்த ஒரு வருடத்தில் யாருமே தொடாத சாமான் ஒவ்வொரு முறையும் குவியலாகக் கிடக்கும். அது திரும்பப் படகேறாது. பந்தயம் இல்லையென்றால் இந்தச் சுத்தம் நடந்தே இருக்காது.

பாய்கள் இரண்டு ஜோடி. குடும்பத்துக்கு டேக்ரான் துணி. கனம், ஆனால் வெயிலைத் தாங்கும், கிழிந்தாலும் தைத்துக்கொள்ளலாம். முன் பாய் சுருட்டும் உருளையில் இருக்கும், அதன் ஓரத்தில் வெயில் பட்டை தைத்திருக்கும். பந்தயத்துக்கு லேமினேட் பாய். வடிவம் மாறாது, ஆனால் நம் ஊர் வெயிலில் காயவிட்டால் சீக்கிரமே வீணாகும். பந்தயம் முடிந்த அன்றே இறக்கி, உப்பைக் கழுவி, காயவைத்து, சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறோம். பாய்மரத்துக்குள்ளேயே சுருண்டுகொள்ளும் மெயின் பாயை ஒருவர் பரிந்துரைத்தார். வசதிதான். ஆனால் பாயின் பின்விளிம்புப் புடைப்பு போய்விடும், மெலிந்த காற்றில் படகின் உயிரே அதில்தான் இருக்கிறது. இந்த வகைப் படகுக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குப் பதிலாக, மடிப்புக் கயிறுகள் எல்லாவற்றையும், உட்கார்ந்து படகை ஓட்டும் இடமான காக்பிட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள். ஒருவர் தனியாக, பாய்மரத்தடிக்குப் போகாமல் ரீஃப் எடுக்க முடிய வேண்டும்.

பின்காற்றுக்குப் பந்தயத்தில் கம்போடு கூடிய பெரிய ஸ்பின்னேக்கர் (பலூன் மாதிரி புடைக்கும் முன் பாய்) போடுகிறோம். அதைக் குடும்பத்தோடு நான் தொடுவதே இல்லை. சமச்சீர் இல்லாத ஒரு சின்ன ஸ்பின்னேக்கரை நீள உறைக்குள் போட்டு வைத்திருக்கிறோம். உறையை மேலே இழுத்தால் பாய் விரியும், கீழே இழுத்தால் அடங்கும். என் மகள் பத்து வயதிலேயே அந்தக் கயிற்றைப் பிடித்துப் பழகிவிட்டாள்.

வெயிலைப் பற்றி ஐரோப்பாவில் எழுதுகிறவர்கள் அதிகம் சொல்வதில்லை. இங்கே அதுதான் முதல் பிரச்சினை. பந்தய வகைப் படகின் காக்பிட் திறந்த மேடை, நிழல் கிடையாது. ஓடும்போது நிரந்தரக் கூரை போட்டால் மெயின் பாயைப் பார்த்து ஓட்ட முடியாது, காற்றையும் பிடிக்கும். நாங்கள் கழற்றி மாட்டும் குட்டைத் துணிக்கூரை ஒன்றைச் சுக்கான் சக்கரத்துக்கு மேல் மட்டும் போட்டிருக்கிறோம். நங்கூரத்தில் நிற்கும்போது பூமுக்கு (மெயின் பாயின் அடி விளிம்பைப் பிடிக்கும் கிடைக்கம்பம்) மேல் ஒரு பெரிய துணியைப் போர்த்திவிடுவோம். உள்ளறையில் மின்விசிறி ஒவ்வொரு படுக்கைக்கும் ஒன்று. இந்த மூன்றுக்கும் ஆன செலவு ஒரு பந்தயப் பாயின் விலையில் சிறு பங்குதான், ஆனால் அம்மா இரண்டாவது முறையும் வரச் சம்மதித்தது இவற்றால்தான்.

காக்பிட்டில் பிள்ளைகளுக்கு ஆபத்தான இடம் மெயின் பாயை இழுத்துப் பிடிக்கும் ஷீட் கயிறு ஓடும் தண்டவாளம். பந்தயத்துக்கு வசதியாக அதைச் சக்கரத்துக்கு முன்னால் குறுக்கே வைத்திருக்கிறார்கள். படகு திரும்பும்போது அது வேகமாக ஓடும், விரல் நசுங்கும். எங்கள் விதி எளிது: தண்டவாளத்துக்குப் பின்னால் ஓட்டுபவர் மட்டும், பிள்ளைகளும் அம்மாவும் முன்னால், தெறிப்பு மறைப்பின் கீழே. பின்காற்றில் போகும்போது பூம் தவறிப் பாய்ந்துவிடாமல் ஒரு கயிற்றால் முன்னே கட்டிவிடுவது கட்டாயம். லைஃப் ஜாக்கெட்டில் சேணமும் கொக்கியும் இருக்க வேண்டும். இருட்டினால் எல்லோருக்கும் கொக்கி, பெரியவர்கள் உட்பட. பிள்ளைகளிடம் சொல்வதை நாமும் செய்தால் வாதமே வராது.

சாப்பாட்டை நான் படகிலேயே சமைப்பது என்று வைத்துக்கொள்வதில்லை. முதல் நாளுக்குப் புளிச்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், இஞ்சி போட்ட தேநீர் பிளாஸ்கில். உடம்பு ஆட்டத்துக்குப் பழக ஒரு நாளாகும். அதற்குள் யாரும் அடுப்பின் முன் நிற்க வேண்டியதில்லை. தீபாவளிக்கு அப்புறம் வரும் பந்தயத்தில் முறுக்கு டின் விளிம்பில் இருக்கும் ஒன்பது பேரிடமும் கை மாறிப் போகும். சீனர், மலாய்க்காரர், ஆஸ்திரேலியர் எல்லோரும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். கைக்கு அடக்கமாக, நமுக்காமல் இருப்பதால் கடலுக்கு அதைவிட நல்ல தின்பண்டம் எனக்குத் தெரியாது.

ராஜா மூடா பந்தயம் 1990-இல் தொடங்கியது. ராயல் சிலாங்கூர் யாட் கிளப் நடத்துகிறது. போர்ட் கிள்ளானிலிருந்து பங்கோர், பங்கோரிலிருந்து பினாங்கு, பினாங்கிலிருந்து லங்காவி என்று படிப்படியாக வடக்கே ஏறும். இரவு ஓட்டம்தான் இதன் சாரம், அதில் கற்றது எல்லாமே குடும்பப் பயணத்துக்கு அப்படியே பயன்படுகிறது. நீரோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிள்ளான் பக்கம் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல் மட்டம் நான்கு ஐந்து மீட்டர் ஏறி இறங்கும்; அவ்வளவு தண்ணீரும் நகர்ந்துதானே ஆக வேண்டும். காற்று நின்று, ஓட்டம் எதிரே வந்தால் படகு பின்னோக்கிப் போகும். பந்தயத்தில் அப்போது நீளக் கயிற்றில் லேசான நங்கூரத்தைச் சத்தமில்லாமல் இறக்குவோம். விதி அதை அனுமதிக்கிறது. மற்றவர்கள் பின்னால் போக, நின்ற இடத்தில் நிற்பவன் முன்னேறுகிறான். குடும்பத்தோடு போகும்போது நான் ஓட்ட அட்டவணையை முதலில் பார்த்து, அதற்கு ஏற்றபடிதான் கிளம்பும் நேரத்தை வைக்கிறேன். வடமேற்காகப் போகும் ஓட்டத்தில் ஏறிக்கொண்டால் ஒரு நாட் வேகம் இலவசம்.

இரவில் கவனிக்க வேண்டியவை கப்பல்களைவிடச் சின்ன விஷயங்கள்தான். கப்பல்கள் தங்கள் தடத்தில் போகும், சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ் திரையில் தெரியும். இழுவைப் படகுகள் அப்படியில்லை. முன்னே ஒரு சின்னப் படகு, வெகு தூரம் பின்னே விளக்கு மங்கிய ஒரு பெரிய தோணி, நடுவே தண்ணீருக்குள் இரும்புக் கயிறு. இழுவைப் படகில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வெள்ளை விளக்கு தெரிந்தால் இழுக்கும் நீளம் 200 மீட்டருக்கு மேல் என்று பொருள். இரண்டுக்கும் நடுவே போகவே கூடாது. இதை வீட்டில் எல்லோருக்கும் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். காவல் முறையில் மனைவியும் மகளும் தனியாக மேலே இருக்கிறார்கள் என்பதால் இது அவர்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். வலைக்கு, நீளக் கைப்பிடியில் கட்டிய கத்தியும் ஒரு முக்குளிப்புக் கண்ணாடியும் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில். மடங்கும் புரொப்பெல்லர் போட்டிருப்பது பந்தயத்துக்காகத்தான், ஆனால் பாயில் ஓடும்போது வலைக் கயிறு அதில் சிக்குவது குறைந்திருக்கிறது.

இனி கீல். படகு வாங்குகிறவர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது நிதானமாகப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 2014 மே மாதம், இதே மாடல் படகான சீக்கி ரஃபிக்கி, ஆன்டிகுவாவிலிருந்து இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனுக்குத் திரும்பும் வழியில் அட்லாண்டிக் நடுவில் கீலை இழந்து கவிழ்ந்தது. நான்கு பேர் இறந்துபோனார்கள். பிரிட்டிஷ் கடல் விபத்து விசாரணைப் பிரிவு, முன்பு தரைதட்டியதும் அதற்குப் பின் செய்த பழுதுபார்ப்பும் சேர்ந்து கீல் பொருந்தும் இடத்தின் கட்டமைப்பை வலுவிழக்கச் செய்திருக்கலாம் என்று சொன்னது. இந்தப் படகில் உள்சட்டகத்தைத் தனியாக வார்த்து, உடலோடு பசையால் ஒட்டியிருக்கிறார்கள். அந்த ஒட்டு விட்டாலும் வெளியிலிருந்து எளிதில் தெரியாது.

நான் இதனால் இந்த மாடலே கூடாது என்று சொல்லவில்லை. எங்கள் குடும்பமே அதில்தான் போகிறது. ஆனால் தரைதட்டல் என்பதை, சேறுதானே என்று இங்கே லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். எவ்வளவு மெதுவாகத் தட்டினாலும் பதிவேட்டில் எழுதுங்கள், படகைத் தூக்கிப் பாருங்கள். கீலும் உடலும் சேரும் கோட்டில் மயிரிழை விரிசல், துரு ஒழுகல், உள்ளே போல்ட்டுகளைச் சுற்றி ஈரம், சட்டகத்தின் மூலைகளில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சின்னச் சுத்தியலால் சட்டகத்தின் ஓரமெல்லாம் தட்டிக்கொண்டே போனால், ஒட்டு விட்ட இடத்தில் ஓசை மாறும். தூக்கி வைத்திருக்கும்போதும் கீல்மேல் இறக்கும்போதும் தரைப்பலகையைத் திறந்து வைத்து, அடி அசைகிறதா என்று ஒருவர் உள்ளிருந்து பார்க்க வேண்டும். வாங்கும் முன், இந்த வகைக் கட்டுமானம் தெரிந்த ஒரு சர்வேயரைக் காசு கொடுத்துக் கூப்பிடுங்கள். விற்பவர் தரும் பழைய அறிக்கை போதாது. நாங்கள் முதலில் பேசி முடிக்கவிருந்த படகை, சட்டகத்தில் மறைத்துப் பூசிய வெடிப்பைச் சர்வேயர் கண்டதால்தான் விட்டோம்.

ஆழமான கீலா, குட்டைக் கீலா? 2.4 மீட்டர் கீல் காற்றை நோக்கி நன்றாகப் பிடித்து ஏறும். நாங்கள் அதைத்தான் எடுத்தோம். விலையாக, லங்காவியில் தீவுகளுக்கு நடுவே உள்ள சில அழகான ஓடைகளுக்குள் போக முடிவதில்லை; சிறு படகில்தான் போகிறோம். பந்தயம் வருடத்துக்கு ஒரு முறைதான், மற்றதெல்லாம் குடும்பம் என்றால் 1.9 போதும் என்பேன்.

செலவை மூன்றாகப் பிரித்ததால்தான் இது எங்களுக்குக் கட்டுப்படியானது. கூட்டாக வாங்குகிறவர்கள் எழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டியது: யாருக்கு எந்த வாரங்கள், தரைதட்டினால் யார் பணம் கட்டுவது, ஒருவர் விலக நினைத்தால் விலை எப்படி. பந்தயப் பாய்களைப் பொதுக் கணக்கில் சேர்க்கவில்லை. பந்தயம் ஓடும் இரண்டு குடும்பங்கள் தனியாகக் கட்டுகிறோம். வெப்பக் கடலில் அடியில் பாசியும் சிப்பியும் அசுர வேகத்தில் வளரும். மாதம் ஒரு முறை முக்குளிப்பவரை வைத்துச் சுரண்டுகிறோம். அழுக்கேறிய அடியோடு போனால் மேலே சொன்ன வேகக் கணக்கு ஒன்றுமே நிற்காது.

ஆள் குறைவாக ஓட்ட முடியுமா என்று கேட்பார்கள். 2013-இல் இங்கிலாந்தின் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தை மொத்தக் கணக்கில் வென்றது பத்து மீட்டர் நீளமுள்ள ஜேபிகே 10.10 வகைப் படகு. அதில் இருந்தது இரண்டே பேர், பாஸ்கல் லுவாசோன், அவர் மகன் அலெக்சி. நிறையப் பெரிய படகுகள் ஓடிய பந்தயத்தில், அப்பாவும் பிள்ளையும் வென்றார்கள். அதைப் படித்த பிறகு நானும் மனைவியும் இருவராகவே எல்லா வேலையையும் செய்து பழக ஆரம்பித்தோம்: பாய் ஏற்றுவது, ரீஃப், திருப்பம், விழுந்தவரை எடுப்பது. கடைசியாகச் சொன்னதைப் பிள்ளைகளோடும் பழகினோம். நீரில் விழுவது நானாகவும் இருக்கலாம் அல்லவா? மிதவையைத் தூக்கிப் போட்டு, படகைக் காற்றுக்கு எதிரே திருப்பி நிறுத்துவது வரை மகளுக்குத் தனியாகத் தெரியும். இந்த வருடம் பந்தயத்துக்கும் வருகிறேன் என்கிறாள். பாய்மரத்தடி வேலை அவளுக்கு என்று குழுவில் பேசி முடித்திருக்கிறோம்.

வாங்கும் முன் சோதனை ஓட்டத்துக்குக் குடும்பத்தையும் கூட்டிப்போங்கள். துறையில் நின்றபடி உள்ளறையைக் காட்டினால் எந்தப் படகும் நன்றாகத்தான் தெரியும். 15 நாட் காற்று உள்ள ஒரு மதிய நேரமாகப் பாருங்கள். மனைவி அல்லது கணவரிடம் சக்கரத்தைக் கொடுத்துவிட்டு, நீங்கள் ஒருவராக ரீஃப் எடுங்கள். அப்புறம் இடம் மாறி அவர் எடுக்கட்டும். வீட்டுப் பெரியவர் காக்பிட்டிலிருந்து கீழே இறங்கி, கழிவறைக்குப் போய், கைப்பிடி விடாமல் திரும்பி வர முடிகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் நடந்தால் விலை பேச ஆரம்பிக்கலாம்.